ஐம்பத்தெட்டாம் கிலோமீற்றர்

காலை ஆறு ஐம்பதுக்கு நேசராஜா காரின் முன்கண்ணாடியில் ஐஸ் சுரண்டிக்கொண்டிருந்தார். ஓட்டுகிற பக்கம் முடிந்திருந்தது. மற்றப் பக்கம் இன்னும் வெள்ளையாக இருந்தது. டென்மார்க்கின் பிராண்டேயில் ஜனவரியில் எட்டரைக்குப் பிறகுதான் விடியும். தெருவிளக்கின் வெளிச்சத்தில் வேலை செய்தார்.

கைப்பேசி அடித்தது. நீளமான இலக்கம். இப்படி வரும் அழைப்புகளை அவர் எடுப்பதில்லை. யாராவது மின்சாரம் விற்பார்கள், இல்லாவிட்டால் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்வார்கள். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. எடுத்தார்.

அவுஸ்திரேலியாவுக்குப் போயிருக்கும் மகள் எப்சிபா.

கைப்பேசியை வலக்காதுக்கு மாற்றினார். தொழிற்சாலையில் காற்றாலை இறகுகளை வருடக்கணக்காகத் தேய்த்ததில் இடக்காது மந்தம்.

"அப்பா," என்றாள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் டேனிஷ். இது கரவன் என்கிற வீட்டுவண்டியோடு வாடகைக்குத் தந்த சற்றலைட் ஃபோன், பற்றரி முடியப்போகிறது என்றாள். வாடகைக் கொம்பனி எடுக்கவில்லை. தனக்குப் பாடமாகத் தெரிந்த ஒரே இலக்கம் அப்பாவுடையதுதான். அவளும் கணவன் டெனிஸ்ரனும் பெரிய ரோட்டிலிருந்து மண் பாதையில் இறங்கிவிட்டார்கள். கரவனின் அச்சு முறிந்துவிட்டது. அதன் தண்ணீர்த் தொட்டியும் உடைந்துவிட்டது. இழுத்த ஜீப் மணலில் புதைந்து நிற்கிறது.

லைன் அறுந்து அறுந்து வந்தது. ஒவ்வொரு சொல்லும் எங்கோ மேலே போய்த் திரும்புவது போலப் பிந்தி வந்தது.

"சாப்பிட்டியளோ, பிள்ளை?" என்று கேட்டார் நேசராஜா.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று விளங்கியது. அந்தக் கேள்வி மேலே போய் அங்கே இறங்கும் வரைக்கும் இரண்டு பக்கமும் வெறுமையாக இருந்தது.

"அப்பா, சொல்றதைக் கேளுங்கோ!" என்று கத்தினாள். அது ஒன்றுதான் தமிழ். பிறகு மறுபடியும் டேனிஷ். நேற்றுப் படம் அனுப்பிய பெற்றோல் செட். அங்கிருந்து வடக்கே. எத்தனையாவது கிலோமீற்றர் என்று சொன்னாள். இடப்பக்கம் ஒரு இரும்புக் கேற், அதில் பழைய ரயர் தொங்கும். அதற்குள்ளே.

பேனை இல்லை. அவர் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினார். சுரண்டாத கண்ணாடியில் விரல் நகத்தால் எழுதினார்.

58.

டெனிஸ்ரனுக்கு ஏலாது என்றாள். நேற்று முழுக்க வேர்த்து ஊற்றியது. இப்போது அவனுக்கு வேர்க்கவில்லை.

அவ்வளவுதான். லைன் போய்விட்டது. அவர் திருப்பி எடுத்தார். ஒரு பெண் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அது பதிவு செய்த குரல்.

மனைவி இன்பமலர் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். முதியோர் இல்லத்து வேலைச் சட்டை போட்டிருந்தாள்.

"ஆரப்பா இந்த நேரத்திலை?"

"பிள்ளை."

"என்னவாம்?"

"கரவன் உடைஞ்சு போச்சாம். காட்டுக்கை நிக்கினமாம்."

"தண்ணி?"

"தொட்டி உடைஞ்சிட்டுதாம். டெனிஸ்ரனுக்கும் ஏலாதாம். ஆனா வேர்வை நிண்டிட்டுதாம். அது நல்லம்தானே?"

இன்பமலர் செருப்போடு ஐசில் இறங்கி வந்து கண்ணாடியைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"கிலோமீற்றர். தம்பிக்கு அடிக்கப்போறன். அவன்தான் அந்தப் பொலிசோடை கதைப்பான்."

மகன் ஜெபநேசன் பக்கத்து நகரமான ஹேர்னிங்கில் இருந்தான். ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை. அவனுடைய ஆங்கிலம் நல்ல ஆங்கிலம். நேசராஜா கண்ணாடியின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். பெற்றோல் செட், வடக்கு, இடப்பக்கம், கேற், ரயர்.

"கிலோமீற்றர் எத்தினை, அப்பா?"

"ஐம்பத்தெட்டு."

"வடிவாத் தெரியுமோ?"

"எழுதினதைப் பாத்துத்தானடா சொல்றன்."

அவர் கதைத்துக்கொண்டிருந்தபோது இன்பமலர் காருக்குள் ஏறி அதை ஸ்ராட் செய்தாள். அவர் வெறுங்கையோடு நடுங்கிக்கொண்டு நின்றார். உள்ளே வந்து இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள். சூட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பிவிட்டாள். வெள்ளை கீழிருந்து மேலாக இளகியது. முதலில் எண்களின் அடி கரைந்தது. அவர் அழைப்பை முடித்துவிட்டுத் திரும்பியபோது கண்ணாடி தெளிவாக இருந்தது. அதற்கூடாக மனைவியின் முகம் தெரிந்தது.

*

எப்சிபாவும் டெனிஸ்ரனும் போன கோடையில் மணம் முடித்தார்கள். டெனிஸ்ரன் டென்மார்க்கிலேயே, கோல்டிங்கில் பிறந்து வளர்ந்தவன். இருவரும் ஒரு மாத விடுமுறையைச் சேர்த்து எடுத்தார்கள். அவுஸ்திரேலியாவில் அடிலெய்டில் ஒரு கரவனும் ஜீப்பும் எடுத்து, நடுப்பாலைவனத்தால் வடக்கே டார்வின் வரைக்கும் போவது என்று திட்டம்.

"அங்கை எங்கடை ஆக்கள் எத்தினை பேர் வீடு வாசலோடை இருக்கினம்," என்று நேசராஜா அப்போது சொன்னார். "சிட்னியிலை நிக்கலாம். மெல்பேணிலை நிக்கலாம். நீங்கள் என்னடாவெண்டால் வீட்டையும் இழுத்துக்கொண்டு காட்டுக்குப் போறியள்."

"மாமா, சொந்தக்காரற்றை வீட்டிலை ஏசி இருக்கும், சுதந்திரம் இராது," என்றான் டெனிஸ்ரன்.

"கரவனிலை?"

"ரெண்டும் இராது. ஆனா எப்சிபா இருப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். எப்சிபா அவன் முதுகில் அடித்தாள்.

"அப்பா, டென்மார்க்கிலை எந்தப் பக்கம் ஓடினாலும் ஒண்டரை மணித்தியாலத்திலை கடல் வந்து மறிக்கும்," என்றாள். "மறிக்காத ஒரு ரோட்டிலை ஒருக்கா ஓட வேணும்."

நேற்று அதிகாலை அவள் கடைசியாக அனுப்பிய படத்தில் ஒரு பெற்றோல் செட் இருந்தது. தகரக் கூரை. ஒரு நாய். வெள்ளைக் கரவன் சிவப்பு மண்ணில் நின்றது. அதற்கு நிழல் இல்லை. அங்கே நடுப்பகலாக இருக்க வேண்டும். டெனிஸ்ரன் தொப்பியில்லாமல் நின்று இரண்டு கைகளையும் விரித்திருந்தான். படத்தின் கீழே எப்சிபா எழுதியிருந்தாள்: அடுத்த செட் வரைக்கும் ஒண்டும் இல்லை. ஒண்டுமே இல்லை!

*

எட்டு மணிக்கு ஜெபநேசன் வந்துவிட்டான். கழுத்துப்பட்டி இல்லாமல், சவரம் செய்யாமல். இன்பமலர் வேலைக்குப் போகவில்லை. சட்டையை மட்டும் மாற்றவில்லை. நேசராஜா தொழிற்சாலைக்கு அடித்து வரமுடியாது என்றார். காரணம் கேட்டார்கள். குடும்பம் என்றார்.

அந்தப் பகுதிக்கு ஒரு பொலிஸ்காரன்தான். ஜெபநேசன் அவனோடு பேசியிருந்தான். அவன் பக்கத்து மாட்டுப் பண்ணையிலிருந்து ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு ஒரு வாகனத்தில் வெளிக்கிட்டுவிட்டான். பெற்றோல் செட்டுக்கே இரண்டு மணித்தியாலம் ஓட வேண்டும். அந்தச் சற்றலைட் ஃபோன் இப்போது அணைந்திருக்கிறது. விமானம் நாளை விடிந்த பிறகுதான் எழும்பும்.

"ஐம்பத்தெட்டிலை ஒரு பாதை இருக்காம்," என்றான் ஜெபநேசன். "அவருக்குத் தெரியுமாம். பழைய கிணத்தடிக்குப் போற பாதையாம்."

"ஸ்தோத்திரம்," என்றார் நேசராஜா.

இன்பமலரின் கைப்பேசியில் சபைக் குழுவின் செய்திகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. கோல்டிங்கில் டெனிஸ்ரனின் தாய் குரல்பதிவில் அழுது ஜெபித்திருந்தாள். போதகர் பத்து மணிக்கு எல்லோரும் அவரவர் வீட்டில் முழங்காலிட வேண்டும் என்று எழுதியிருந்தார். பிள்ளைகளுக்குத் தடிமன் வந்தாலே தலையில் கை வைத்து ஜெபிக்கிறவள் இன்பமலர். இன்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குசினியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஓடுகிறதைப் பார்த்து, பூட்டினாள். பிறகு மறுபடியும் திறந்தாள்.

சிறிது நேரத்தில் அவள் மகனை நடையோடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மெதுவாகத்தான் பேசினாள். நேசராஜாவின் நல்ல காது அந்தப் பக்கம் இருந்தது.

"போன வெயிலுக்கை எங்கடை இல்லத்திலை ஒரு மனுசிக்கு இப்பிடித்தான் வந்தது. வேர்வை நிண்டால் சூடு உள்ளுக்கை நிக்குது எண்டு அர்த்தம். தோல் காய்ஞ்சுபோம். பிறகு கதை மாறும். ஆரெண்டு தெரியாது. எழும்பி நடக்க வெளிக்கிடுவினம்."

"எவ்வளவு நேரம் தாங்குவினம், அம்மா?"

"அந்த மனுசிக்குப் பக்கத்திலை நாங்கள் நாலு பேர் நிண்டனாங்கள். ஐஸ் இருந்தது. அம்புலன்ஸ் வந்தது."

"அந்த அம்மாவுக்கு என்ன நடந்தது?"

அவள் திரும்பிக் குசினிக்குள் வந்தாள். நேசராஜாவைப் பார்த்தாள். அவர் கேட்டுவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவரின் கைப்பேசியில் இரண்டு இடத்து வெப்பநிலையும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. எப்சிபா போகுமுன் அப்படி அமைத்துக் கொடுத்திருந்தாள். மேலே பிராண்டே, சைபருக்குக் கீழே ஏழு. கீழே அலிஸ் ஸ்பிரிங்ஸ், நாற்பத்தாறு. அவர் அதை மூடினார். திறந்தார். நாற்பத்தாறு.

"வாகனத்தை விட்டு அங்காலை இஞ்சாலை போகாதேங்கோ எண்டு சொல்லியிருக்க வேணும்," என்றார்.

"சொல்லேல்லையோ?"

"சாப்பிட்டியளோ எண்டு கேட்டனான்."

இன்பமலர் மேசையைத் துடைத்தாள். அது ஏற்கனவே துடைத்த மேசை.

*

பதினொரு மணிக்கு அங்கே இருண்டது. இங்கே வெயில் வந்தது. தாழ்வான, சூடில்லாத வெயில். தெருவில் ஐஸ் பளபளத்தது. எதிர்வீட்டு டேனிஷ்காரர் நாயோடு போகும்போது கையைக் காட்டினார். நேசராஜாவும் கையைக் காட்டினார்.

பன்னிரண்டரைக்குப் பொலிஸ்காரன் அடித்தான். ஜெபநேசன் ஸ்பீக்கரில் போட்டான். ஆறுதலாகப் பேசுகிற ஆள். பின்னால் என்ஜின் இரைச்சல் கேட்டது.

நேசராஜாவுக்கு அந்த ஆங்கிலம் பாதிதான் பிடிபட்டது. மகன் ஒவ்வொரு துண்டாகச் சொன்னான். ஐம்பத்தெட்டில் இறங்கிக் கிணற்றடி வரைக்கும் போய்விட்டார்கள். ஒருவரும் இல்லை. மணலில் கரவன் போன தடம் இல்லை. கேற் இருக்கிறது. ரயர் இல்லை. யாரும் கழற்றியிருக்கலாம். பாதை நடுவில் இரண்டாகப் பிரிகிறது. இடக்கிளையில்தான் போனார்கள். வலக்கிளை நீளம், கல்லும் பள்ளமும். போய்த் திரும்ப விடிந்துவிடும். அதில் இறங்குமுன் கலன்களிலிருந்து வாகனத்துக்கு எரிஎண்ணெய் ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டு மறுபடி அடிப்பான்.

அவன் வைத்த பிறகு ஜெபநேசன் கண்களைக் கசக்கினான். களைத்தால் அவனுக்கு டேனிஷ்தான் வரும்.

"ஃபெம்-ஓ-த்யூவ மினுட்டர்," என்றான். "அதுக்குப் பிறகு அடிப்பார்."

"ஐம்பத்திரண்டு நிமிசமாம்," என்றார் நேசராஜா மனைவியிடம். "நீ கொஞ்சம் படு. நான் எழுப்பிவிடுறன்."

ஜெபநேசன் கையை முகத்திலிருந்து எடுத்தான்.

"அப்பா, நான் இப்ப என்ன சொன்னனான்?"

"ஐம்பத்திரண்டு நிமிசம் எண்டாய்."

"ஃபெம்-ஓ-த்யூவ. இருபத்தைஞ்சு, அப்பா."

"ஓம். இருபத்தைஞ்சு. களைப்பிலை..."

அவர் நிறுத்திவிட்டார். இன்பமலர் கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். டேனிஷில் எண்களைப் பின்னாலிருந்து சொல்வார்கள். இருபத்தைந்தை ஐந்தும் இருபதும் என்பார்கள். அவர் காதில் விழுகிற ஒழுங்கில் எழுதிவிடுவார். ஐந்து, பிறகு இரண்டு. ஐம்பத்திரண்டு. வந்த புதிதில் பேக்கரியில் இலக்கத் துண்டை எடுத்துக்கொண்டு நிற்பார். அவருடைய இலக்கத்தைக் கூப்பிடுவார்கள். அவர் அசையாமல் நிற்பார். சின்ன எப்சிபா அவர் கையைப் பிடித்து இழுப்பாள். "அப்பா, எங்கடை நம்பர்! எங்கடை நம்பர்!" எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அவள் அப்பாவுக்கு எந்த எண்ணையும் தமிழில்தான் சொல்வாள். ஆசிரியரின் தொலைபேசி, பஸ் நேரம், சப்பாத்து அளவு, எல்லாம் தமிழில். வேறு எதைச் சொன்னாலும் டேனிஷ்.

தொழிற்சாலையில் நேசராஜா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். முதலில் இடப்பக்கம் ஓர் எண்ணுக்கு இடம் விடுவார். கேட்ட முதல் எண்ணை வலப்பக்கம் எழுதுவார். இரண்டாவதை அந்த இடைவெளியில் போடுவார். பல வருடங்களாக அதை யோசிக்காமலே செய்தார். எப்போதாவது, அவசரத்தில், இடம் விட மறந்துபோகும்.

"அக்கா கிலோமீற்றரைத் தமிழிலை சொன்னவவோ, டேனிஷிலையோ?" என்று கேட்டான் ஜெபநேசன்.

"டேனிஷ்."

"என்ன சொன்னவ? அந்தச் சத்தத்தைச் சொல்லுங்கோ. ஓட-ஓ-ஹல்ட்ரெஸ் எண்டவவோ? ஃபெம்-ஓ-ஃபியர்ஸ் எண்டவவோ?"

நேசராஜா கண்ணை மூடினார். மகளின் குரல் வந்தது. அது முதலாவதைச் சொன்னது. எட்டும் ஐம்பதும். பிறகு அதே குரல், அதே மூச்சு வாங்கலோடு, இரண்டாவதைச் சொன்னது. ஐந்தும் எண்பதும். இரண்டும் அவளுடைய குரலாகவே இருந்தன.

"லைன் அறுந்து அறுந்து வந்தது," என்றார்.

"கண்ணாடியிலை எழுதினதைப் படம் எடுத்தனீங்களோ?"

"இல்லை."

"நான்தான் காரை ஸ்ராட் பண்ணினனான்," என்றாள் இன்பமலர்.

"படம் எடுத்திருந்தாலும் அதிலை ஐம்பத்தெட்டுத்தான் இருக்கும்," என்றார் நேசராஜா.

ஜெபநேசன் வரைபடத்தைத் திறந்தான். பெற்றோல் செட்டிலிருந்து வடக்கே விரலை நகர்த்தினான். எண்பத்தைந்தின் அருகில் நிறுத்திப் பெரிதாக்கினான். இடப்பக்கம் மெல்லிய கோடு ஒன்று ரோட்டிலிருந்து பிரிந்து, கொஞ்சம் போய், வரைபடத்திலிருந்து இல்லாமல் போனது.

"இஞ்சையும் ஒரு பாதை இருக்கு," என்றான்.

"அப்ப ரெண்டுக்கும் போகச் சொல்லு," என்றாள் இன்பமலர்.

"ஒரு வாகனம், அம்மா. வலக்கிளைக்குள்ளை இறங்கினால் விடியத்தான் வெளியிலை வருவினம். எண்பத்தைஞ்சுக்குப் போனால் வலக்கிளைக்கு ஒருத்தரும் இல்லை. பிளேன் காலமைதான்."

"காலமை வரைக்கும்..." என்றாள்.

நேசராஜா எழுந்து வெளியே போனார். காரின் கண்ணாடி உலர்ந்து சுத்தமாக இருந்தது. காலையில் நின்ற இடத்தில் நின்றார். கையுறையைப் பல்லால் கழற்றினார். கைப்பேசியை வலக்காதில் வைத்துக்கொண்டார். அதில் சத்தம் இல்லை. விரலைக் கண்ணாடிக்குக் கொண்டுபோனார். விரல் இடப்பக்கம் போய் நின்றது. கையை எடுத்தார். மறுபடி கொண்டுபோனார். இந்த முறை விரல் கொஞ்சம் தள்ளி, இடம் விட்டு நின்றது. மூன்றாம் முறை அவர் கண்ணை மூடிக்கொண்டு செய்தார். கண்ணாடியின் குளிர் மட்டும் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தார். இன்பமலர் குசினி யன்னலில் நின்றாள். காலையில் கதவைத் திறக்குமுன்னும் அங்கேதான் நின்றாள்.

அவர் உள்ளே போனார்.

"நீ பாத்துக்கொண்டு நிண்டனி," என்றார். "என்ரை கை எங்கை முதல் போனது?"

"உங்கடை முதுகுதான் தெரிஞ்சது," என்றாள். "முதுகைத்தான் பாத்தனான்."

மேசையில் கைப்பேசி அடித்தது. ஜெபநேசன் ஸ்பீக்கரைத் தட்டினான். அந்த ஆறுதலான குரல், எண்ணெய் ஊற்றி முடிந்தது என்றது. வலக்கிளையின் வாயில் நிற்பதாகச் சொன்னது. இன்னும் ஏதாவது தெரிய வந்ததா என்று கேட்டது. பின்னால் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் பின்னால், என்ஜினைத் தாண்டி, ஒரு சத்தமும் இல்லை.

"ஒரு நிமிசம்," என்று ஜெபநேசன் ஆங்கிலத்தில் சொன்னான். தகப்பனின் பக்கம் திரும்பினான். கண்கள் சிவந்திருந்தன. தமிழில்தான் கேட்டான்.

"அப்பா, எட்டை முதல் எழுதினனீங்கள் எண்டால் ஐம்பத்தெட்டு சரி. அஞ்சை முதல் எழுதினனீங்கள் எண்டால் அக்கா எண்பத்தைஞ்சிலை நிக்கிறா. எதை முதல் எழுதினனீங்கள்?"